லினக்ஸ் படித்தவள் கார்ட் தேடிய கதை

போன வாரம் முழுக்க எங்கள் ஊரில் ஒரு கிரெடிட் கார்ட் தேடி அலைந்தேன். கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம் கேட்டிருந்தால்கூட யாராவது ஓரமாக வந்து, "அந்த ஒழுங்கைக்குள்ள போய்ப் பாருங்க" என்று கையைக் காட்டியிருப்பார்கள். கிரெடிட் கார்ட்? ம்ஹூம்!

ஏன் தேடினேன்? இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் ஒன்லைனில் லினக்ஸ் படிக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்கு: உலகத்தின் பெரிய பெரிய வெப்சைட்கள் எல்லாம் இந்த லினக்ஸ் ஓடும் சேர்வர்களில்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கே இருந்தும் வேலை செய்யலாம். அட்டாளைச்சேனையில் ஒரு குசினி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்துகூட.

இந்த வயதில் எனக்கு எதற்கு இதெல்லாம்? என் வீட்டுக்காரர், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், கட்டாரில் லொறி ஓட்டுகிறார். மகள் ஸமா வயிற்றில் இருக்கும்போது போனவர். அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இந்த மாதக் கடைசியில் அவருடைய கொண்ட்ராக்ட் முடிகிறது. எனக்கு வீட்டில் இருந்தபடி ஒரு வேலை கிடைத்தால் அவர் மறுபடி சைன் வைக்காமல் வந்துவிடுவார். இதுதான் எங்களுக்குள் பேச்சு. கடைசியாக லீவில் வந்து திரும்பிப் போகும்போது, வேனுக்குள் ஏறி இருந்துகொண்டு சொன்னார்: "நீ படி புள்ள. நான் வாறன்."

படித்தேன். முதலில் ஒரு கறுப்புத் திரை. அதில் ஒரு சின்னக் கோடு, மினுக் மினுக் என்று... 'வா' என்றும் சொல்லாது, 'போ' என்றும் சொல்லாது. எதை அடித்தாலும் 'அனுமதி இல்லை' என்றது. இந்தச் சொல்லை நான் புதிதாகவா கேட்கிறேன்? பிறகுதான் கொழும்பில் இருந்து தமிழில் வகுப்பு எடுக்கும் சேர், 'சூடோ' என்று ஒரு சொல்லைச் சொல்லித் தந்தார். கொமாண்டுக்கு முன்னால் அதைப் போட்டால் போதும். பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு, சொன்னதைச் செய்யும். அன்றைக்கு முழுக்க வீட்டுக்குள் தலை நிமிர்ந்து நடந்தேன். சோறு அடிப்பிடித்தது வேறு விசயம்.

எல்லாம் இப்படி இனிமையாகப் போகவில்லை. கள்ளன் வராமல் இருக்க ஃபயர்வோல் போடச் சொன்னார் சேர். போட்டேன். எனக்கு ஒரு வழி விட்டுவைக்க மறந்துபோனேன். என் சேர்வருக்குள் நானே போக முடியவில்லை.

ஸமா பக்கத்தில் வந்து நின்றாள். "உம்மா, கம்பியூட்டர் உங்களோட கோவமா?"

"ஓம் மகள். கதைக்குதில்ல."

அழுதேன். மறுபடி முதலில் இருந்து போட்டேன். வேறு என்ன செய்ய?

கடைசிப் பாடம் கிளவுட். எங்கேயோ ஒரு நாட்டில் இருக்கும் பெரிய கம்பெனியின் சேர்வரில் ஓர் இடம் எடுத்து, நம் வெப்சைட்டை அதில் ஓடவிட வேண்டும். ஓடினால் அந்த லிங்க்கை ஒரு கம்பெனிக்கு அனுப்புவார் சேர். அவர்களுக்குப் பிடித்தால் இன்டர்வியூ. பிடித்தால் வேலை. வேலை என்றால் மச்சான் வீட்டில்!

"முழுக்க இலவசம்தான் சிஸ்டர்" என்றார் சேர். "ஒரு சதமும் எடுக்க மாட்டாங்க."

பெயர் கேட்டது, கொடுத்தேன். ஊர் கேட்டது, கொடுத்தேன். அடுத்த பக்கத்தில் கிரெடிட் கார்ட் நம்பர் கேட்டது.

என்னிடம் இருந்த பேங்க் கார்டைப் போட்டேன். ஏற்கவில்லை. மச்சானின் சம்பளக் கார்டைப் போட்டேன். அதுவும் இல்லை. சேரின் கார்டைக் கேட்கலாம் என்றால், அதை அவர் தன் அக்கவுண்டுக்குப் போட்டுவிட்டாராம், ஒரு கார்டுக்கு ஓர் இலவச அக்கவுண்ட்தானாம். சரி என்று பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனேன்.

பேங்க்கில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டாள். "சம்பளச் சிட்டை இருக்கா, ராத்தா?"

"இல்ல. வீடு என்ட பேர்ல இருக்கு."

"வீடு நம்மட பக்கம் எல்லாப் பொம்புளையட பேர்லயும்தானே ராத்தா இருக்கு" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு நான்தான் எஜமானி. வாசல் தாண்டினால் 'அனுமதி இல்லை'.

வந்து அடுத்த வீட்டு ஹாஜியாரைக் கேட்டேன். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர், நாலு இடம் தெரிந்தவர். நம்பரைப் போட யாராவது ஒரு கார்ட் தந்தால் போதும் என்றேன்.

"அஸ்தஃபிருல்லாஹ்! அது வட்டிச் சாமான் புள்ள. நம்மட ஊருக்குள்ள அதெல்லாம் ஆரு வெச்சிருக்கா?"

குனிந்த தலையோடு வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்வேலிப் பக்கம் சுபைதா ராத்தாவின் குரல். ஹாஜியாரின் மனைவி. "பொய் கதைக்காரு புள்ள. நாங்க மக்காவுக்கு உம்றா போன டிக்கட் போட்டதே அவர்ட கார்ட்லதான். நான் சொன்ன எண்டு சொல்லிப்போடாத!"

சிரித்தேன், சிரித்தேன்... பிறகு வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த ஊரில் எத்தனை பேரின் பேர்ஸில், அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு கார்ட் ஒளிந்திருக்கிறதோ! கேட்கிறவளுக்கு மட்டும் இல்லை.

அன்றைக்கே மச்சானிடம் போனில் சொன்னேன். "பார்ப்பம்" என்றார். இரண்டு மூன்று நாள் போயிருக்கும், வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. புத்தம் புதுக் கார்ட். முன்பக்கம், பின்பக்கம்.

"கிடைச்சிட்டு புள்ள. வட்டி வராமக் கட்டிருவன், பயப்புடாத. நீ வேலயப் பாரு."

பார்த்தேன். அக்கவுண்ட் திறந்தது. சேர்வர் எழும்பியது. இந்த முறை ஃபயர்வோலில் எனக்கு வழி விட்டேன்! வெப்சைட்டின் முதல் பக்கத்தில் என்ன எழுதுவது என்று ஸமாவிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

'வாப்பா, எப்ப வாறீங்க?'

லிங்க்கை சேருக்கு அனுப்பினேன். மச்சானுக்கும் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"லொறிய ஓரங்கட்டிப் போட்டுப் பார்த்தன். இது ஒன்ட கையால செஞ்சதா? மாஷா அல்லாஹ்!"

எனக்கு என்ன பொல்லாத நேரமோ, வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். "மச்சான், அந்த பேங்க் ஒங்களுக்கு எப்படி இவ்வளவு கெதியாக் கார்ட் குடுத்த?"

லொறியின் கண்ணாடியை ஏற்றும் சத்தம் கேட்டது.

"விசா முடியப்போற ஆளுக்குக் குடுக்க மாட்டானாம் புள்ள. கொண்ட்ராக்ட் புதுப்பிச்ச கடிதம் கேட்டான்... சைன் வெச்சிட்டன். ரெண்டு வருசம்தானே."

"மச்சான்! நீங்க வாறத்துக்குத்தானே நான் இதப் படிச்ச!"

"தெரியும் புள்ள. இவ்வளவு பாடுபட்டுப் படிச்சத்தக் கடைசியில கைவுடச் சொல்ல எனக்கு மனம் வரல்ல." லொறியை ஸ்டார்ட் செய்தார். "அதோட... வேல கிடைக்காட்டி என்ன செய்யிற?"

எனக்காகச் சைன் வைத்தாரா? என்னை நம்பாமல் சைன் வைத்தாரா? இரண்டில் எது என்று கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

யோசித்துப் பாருங்கள்... ஊருக்குத் திரும்பி வர ஒரு வழி திறக்க வேண்டும் என்றால், திரும்பி வரமாட்டேன் என்று முதலில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எந்த ஊர் நியாயம் இது?

ஸமா தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்கிறாள், "வாப்பா பதில் போட்டாரா?" அந்தப் பக்கத்தில் பதில் எழுத நான் இடம் வைக்கவில்லை மகளே. இனி வைத்துத்தான் என்ன?

கம்பெனியில் இருந்து இன்னும் ஒரு செய்தியும் இல்லை. வேலை கிடைத்தாலும் சந்தோசப்பட என்னிடம் தெம்பு இல்லை. சேர்வர் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. நேற்று உள்ளே போய்க் கணக்கைப் பார்த்தேன். சேர் சொன்னது சரிதான், மச்சானின் கார்டில் இருந்து ஒரு சதமும் எடுக்கவில்லை.

இலவசம்தானே!