கவ்வாத்து வெட்டிய எலுமிச்சை

கல்யாணமான புதிதில், தொட்டியில் வைக்கக் கொட்டகலைச் சந்தையில் எலுமிச்சைக் கன்று தேடினேன்.

"இது குட்டை ரகமுங்க. தொட்டிக்குச் சரியா இருக்கும்," என்றார் வியாபாரி.

நான் தேயிலைத் தோட்டத்தில் வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு. "எந்த மரத்தையும் கவ்வாத்து வெட்டிக் குட்டையாக்கிடலாம்," என்று உயர வளரும் கன்றையே வாங்கினேன்.

"தோட்டத்துக்காரங்க கத்தி சும்மா இருக்காதே!" என்று சிரித்தார்.

எலுமிச்சம்பூ வாசத்துக்கு ஏங்கிய மனைவி தினமும் தண்ணீர் ஊற்றினாள். நான் மாதந்தவறாமல் நுனிகளை நறுக்கினேன். மூன்று வருடமாக ஒரு பூகூட இல்லை.

ஒரு காலை அவள் என் கையைப் பிடித்தாள். "தேயிலைக்குக் கொழுந்து வேணும், வெட்டுறீங்க. எனக்குப் பூவுல்ல வேணும்? மொட்டு வர்ற நுனியெல்லாம் நீங்கதானே நறுக்குறீங்க!"

கத்தியை உள்ளே வைத்தேன். மறுவருடம் மரம் கூரையைத் தொட்டது, பூத்தது.

இன்றும் எலுமிச்சம்பூ மணத்தால், அவளைக் காக்கவைத்த அந்த மூன்று வருடங்கள்தான் முதலில் ஞாபகம் வருகின்றன.