பேசும் எடிட்டர்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் சோஃபியாவுக்குக் கண் போனது. வேலை போகவில்லை, அதற்குக் காரணம் ஓர் எடிட்டர், புரோகிராம் எழுத உதவும் மென்பொருள். ஆழ்வார்பேட்டை ஆபீசில் மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள், இவள் கேட்டு எழுதினாள். வரியைப் படித்துக்காட்ட வேறு மென்பொருள்களும் உண்டுதான். இது ஒன்றுதான் புரோகிராமில் ஒரு கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் என்று உள்ளே போகப்போகக் குரலைத் தாழ்த்தும். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

அதை விற்ற வெளிநாட்டுக் கம்பெனி கடையைக் கட்டுவதாக அறிவித்தது. டிசம்பரோடு லைசென்ஸ் செத்துவிடும். எடிட்டரின் மூலநிரலை, அதை உருவாக்கிய புரோகிராம் வரிகளையாவது, எல்லோருக்கும் திறந்துவிட்டால் யாராவது அதை உயிரோடு வைத்திருப்பார்கள். சோஃபியா மெயில் மேல் மெயில் போட்டுக் கெஞ்சினாள்.

முதலாளி வேதாந்தத்துக்கு அது பிடிக்கவில்லை. "அவா பணம் போட்டுப் பண்ணினது. ஓசியில ஏம்மா தெறந்து விடணும்?"

"விக்கிற வரைக்கும் அவங்களது சார். விக்கவும் மாட்டேன், தரவும் மாட்டேன்னா, பூட்டி வச்சு அழுக விடறதுதானே?"

நியாயமான கேள்வி. வேதாந்தம் பேச்சை மாற்றினார். ஜனவரியிலிருந்து ரிசப்ஷனில் போன் எடுக்க ஆள் வேண்டும் என்றார். இத்தனை வருஷம் புரோகிராம் எழுதியவளிடம்! என்ன மனுஷனோ.

நவம்பரில் கம்பெனி பதில் போட்டது: திறந்துவிடுகிறோம். அன்று சோஃபியா சாந்தோம் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆபீசுக்கே சமோசா வாங்கிக் கொடுத்தாள். வேதாந்தமும் இரண்டு சாப்பிட்டார்.

பக்கத்து சீட் ஹம்சினிதான் அதை இறக்கிப் போட்டுக்கொடுத்தாள். சோஃபியா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பட்டனைத் தட்டினாள். சத்தமில்லை. மறுபடி தட்டினாள்.

"வால்யூம் ஏத்து ஹம்சினி."

"ஃபுல்லாத்தான் இருக்கு அக்கா."

கூட வந்திருந்த குறிப்பை ஹம்சினி படித்துப் பார்த்தாள். பேசும் பகுதி இன்னொரு கம்பெனியிடம் வாடகைக்கு வாங்கியதாம். அதைத் திறக்க இவர்களுக்கு உரிமையில்லையாம். வெட்டி எடுத்துவிட்டார்களாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

"மீதி?" என்றாள் சோஃபியா.

"மீதியெல்லாம் இருக்கு அக்கா. ஒரு வரி விடாம போட்டிருக்கா. இனிமே யார் வேணும்னாலும்..." ஹம்சினி நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லு."

"யார் வேணும்னாலும் படிச்சுக்கலாமாம்."

சோஃபியா ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அழுகைகூட வரவில்லை அவளுக்கு. முன்னறையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை.