ஆறு நாள் கருகமணி

மராத்தி நாடகங்களில் மேடைக்குப் பின்னால் நின்று நடிகைகளுக்கு உடை மாற்றிவிடுவது என் வேலை. அந்த வருஷம் ஓடிய ஒரு நாடகத்தின் கதாநாயகி, மேடையில் கல்யாணமாகாத பெண்; நிஜத்தில் இரண்டு பிள்ளைக்குத் தாய். அதனால் காட்சிக்கு முன்னால் தன் கருகமணித் தாலியைக் கழற்றி என்னிடம் கொடுப்பாள். மேஜையில் வைக்கக் கூடாதாம், பெட்டியில் பூட்டக் கூடாதாம், ஒரு மனுஷி கழுத்தில்தான் இருக்க வேண்டுமாம். சரி தாயே என்று நானே போட்டுக்கொண்டு ரவிக்கைக்குள் தள்ளிவிடுவேன்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்றால் ஆகவில்லை, அதற்கு ஒரு கதையும் கிடையாது. அப்பா அம்மா போனபின் ஔந்த் என்ற பேட்டையில் ஒற்றை ரூம். தமிழ் பேச ஆளில்லாமல் குக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானக் காட்சி முடிந்ததும் அவள் ஏதோ அவசரமென்று ஓடிவிட்டாள். நானும் புடவைகளை மடித்துவைத்துவிட்டு பஸ் ஏறினேன். வீட்டில் முகம் கழுவும்போதுதான் தாலி கையில் தட்டுப்பட்டது. ஐயோ! திருடி என்று துரத்திவிட்டால்? அந்த வேலையை விட்டால் எனக்கு மனுஷ வாடையே கிடையாது. டெலிபோன் பூத்துக்கு ஓடினேன்.

"அரே, நானே கவனிக்கலையே!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னாள்: "இவரும் கவனிக்கலை. எதிர்லதான் உட்கார்ந்து டீ குடிச்சார். சனிக்கிழமை காட்சிக்குக் கொண்டு வா, போதும்."

பீரோவில் வைத்திருக்கலாம். மனுஷி கழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். வெட்கம்கெட்டவள், ரவிக்கைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு மறுநாள் காய் வாங்கப் போனேன்.

பத்து வருஷமாக விலையைத் தவிர வேறு பேசாத காய்க்காரி கண்ணை அகல விரித்தாள்.

"அரே வா! எப்ப ஆச்சு? அவர் என்ன வேலை?"

"ராணுவத்துல." வாய் கூசவே இல்லை.

அந்தக் கோடையில் எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஒரு கைப்பிடி கொத்தமல்லியைப் பையில் திணித்தாள். அந்த வாரம் முழுக்கப் போனேன், காய் தேவைப்படாத நாளிலும். கடிதம் வந்ததா, அவருக்கு என்ன பிடிக்கும் என்று தினமும் கேட்டாள். நானும் சளைக்காமல் சொன்னேன். அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது. தீபாவளிக்கு லீவு.

சனிக்கிழமை காட்சி முடிந்ததும் நடிகை குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். கொக்கியை மாட்டினேன்.

"ஆறு நாள். இன்னும் அவர் பார்க்கலை," என்றாள்.

புடவையை மடித்தேன்.

ஞாயிறு காலை, பழக்கத்தில், வெறும் கழுத்தோடு காய்க்காரி முன்னால் போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தராசு கையிலிருந்து நழுவியது. அவள் என்ன நினைத்துவிட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் எழுந்து வந்து, தெருவென்றும் பாராமல் என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

இல்லையம்மா, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என்னை ஒருவர் கட்டிக்கொண்டு எத்தனை வருஷமாயிற்று! சொல்லவில்லை. நானும் அழுதேன்.