கேட்கிறது என்று சொன்னவர்

எங்கள் வீட்டில் சண்டை போடுவதென்றால் விளக்கைப் போட்டாக வேண்டும். என் உதடு தெரியாவிட்டால் அவருக்குச் சண்டை நடப்பதே தெரியாது. பாதி திட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், மீதியை நானே விழுங்கிய நாட்களும் உண்டு.

என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தவர். மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது என்பதால் மில்லுக்காரர்கள் கத்துவதே இல்லை. உதட்டை அசைப்பார்கள், கையைக் காட்டுவார்கள், அந்தக் கோடியில் இருப்பவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை இந்தக் கோடியில் இருப்பவருக்கு முழுசாகச் சொல்லி முடித்துவிடுவார். எங்கள் சபையில் பின்வரிசை முழுக்க இவர்கள்தான். பிரசங்கம் நடக்கும்போது சத்தமே இல்லாமல் ஊர்க்கதை பேசுவார்கள். பாஸ்டர் வெளியூர்க்காரர். இவ்வளவு அமைதியான சபை எங்கேயும் கிடைக்காது என்று பெருமைப்படுவார்.

மில்லைவிட்டு நின்றபோது என் கணவருடைய இரண்டு காதும் போயிருந்தன. மதுரையில் டாக்டர் தெளிவாகச் சொன்னார். சீக்கிரம் காது மிஷின் வைத்துவிடுங்கள், வெகுநாள் விட்டால் சத்தம் கேட்டாலும் சொல் புரியாது, மூளைக்குப் பழக்கம் விட்டுப்போகும் என்றார். ஆடி கழிந்து போய் வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். அந்த ஆடியில்தான் எங்கள் சபைக்கு ஊழியம் செய்யவென்று அமெரிக்கப் பிள்ளைகள் வந்தார்கள்.

அவர்களுக்கு அது கோடை விடுமுறை. நமக்கோ பள்ளிக்கூடம் நடக்கிற காலம், காற்று புழுதியை அள்ளி வீசுகிற காலம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள், ஒரே துணியில் தைத்த சுடிதாரும் ஜிப்பாவுமாக வேனிலிருந்து இறங்கினார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆங்கில டீச்சர், அதனால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. பள்ளிவிட்டு, தேர்க்கூட்டத்தில் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் நின்றபடியே வந்து, முகம் கழுவ நேரமில்லாமல் சபையில் போய் நிற்பேன். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பிள்ளைகள். உலகத்தில் தங்களால் ஆகாதது ஒன்றும் இல்லை என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள், அவ்வளவுதான்.

கடைசி நாள் சாயங்காலம் சுகமளிக்கும் ஜெபம். முகமெல்லாம் செம்புள்ளிகளோடு ஒரு பெண், என் கணவர் காது கேட்காதவர் என்று அறிந்து நேராக வந்து, இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஜெபித்தாள். ஜெபித்தாள் என்பதைவிட அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு கையை எடுத்து, கேட்கிறதா என்று கேட்டாள். நான் இவருக்கு நேர் எதிரே நின்று அதைத் தமிழில் கேட்டேன். இவர் என் உதட்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது.

"கேக்குது" என்றார்.

கூரை இடிந்துவிடும்போல அல்லேலூயா எழும்பியது. பாஸ்டர் ஓடிவந்து பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். எல்லாம் முகத்துக்கு நேரே கேட்டால் இவர் ஏன் சொல்லமாட்டார்? பிள்ளைகள் போனில் படம் பிடித்தார்கள். நான் பின்வரிசையைப் பார்த்தேன். மில்லுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் குனிந்து பைபிளைப் புரட்டினார்கள்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் வைத்துக் கேட்டேன், ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று.

"பச்சப்புள்ள, ஏங்கி ஏங்கி அழுவுது. கேக்கலன்னு எப்படிட்டி சொல்ல?" என்றார். "இன்னைக்கு ஊருக்குப் போயிருவாக. பொறவு நம்ம மதுரைக்குப் போவோம்."

எனக்கே அப்போது அது பெரிய தப்பாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி சமைத்துப் போட்டால், உப்பு இல்லாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற ஜாதிதானே நாம்.

ஆனால் சாட்சி என்று ஒன்று இருக்கிறது எங்களிடம். கர்த்தர் செய்ததை எழுந்து நின்று பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெற்றதை இழப்போம் என்பார்கள். பாஸ்டர் இவரை எங்கள் சபையில் நிறுத்தினார், வத்திராயிருப்பில் நிறுத்தினார், ஆலங்குளத்துக் கூட்டத்தில் மேடையிலேயே ஏற்றினார். மதுரைக்குப் போவது பற்றி நான் பாஸ்டரிடம் மெதுவாகப் பேச்செடுத்தபோது, "கர்த்தர் குடுத்த காதுக்கு மேல மிஷின் எதுக்கும்மா? அது அவிசுவாசம்லா?" என்று கேட்டார். ஏமாற்றுக்காரர் இல்லை அவர். உண்மையாகவே நம்பினார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஒவ்வொரு ஆடிக்கும் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். காது கேட்ட மனிதரைப் பார்க்கக் கட்டாயம் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். அந்தச் செம்புள்ளிப் பெண் மட்டும் பிறகு வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வாட்ஸப்பில் குரல் அனுப்புவாள். எழுதி அனுப்பினால் என்ன? கேட்கிற காதுக்கு எழுத்து எதற்கு என்று நினைத்திருப்பாள். நான் கேட்டு, உதட்டால் இவருக்குச் சொல்வேன். ஒரு வருஷம் அனுப்பியதில், இவருடைய காதைத் திறந்த தேவனுக்கே தன்னைக் கொடுத்துவிட்டதாகவும், கல்லூரியை விட்டுவிட்டதாகவும், தமிழ் படிப்பதாகவும் சொன்னாள். அவளுடைய அப்பா அவளோடு பேசுவதில்லையாம். இவருக்கு அதைச் சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு மதுரை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

பிறகு கொரோனா வந்தது. ஊரே வாயை மூடிக்கொண்டது. மாஸ்க் போட்ட முகத்தில் இவருக்கு என்ன தெரியும்? மளிகைக் கடையில் பையன் ஏதோ கேட்க, இவர் எதையோ சொல்ல, வரிசையில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். பை காலியாகத் திரும்பி வந்தார். அதன்பின் வெளியே போவதை விட்டார். மாஸ்க் போன பிறகும் போகவில்லை.

யாருக்கும் தெரியாமல் நான் இவரை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மிஷினை மாட்டி, டாக்டர் என்னைப் பேசச் சொன்னார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "ஏங்க, நான் பேசுறது கேக்குதா?" என்றேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மில்லுக்குள்ள நிக்க மாதிரி இருக்கு" என்றார். "சத்தம் வருது. உன் பேச்சு வரல."

ரொம்பத் தாமதித்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். அந்த மிஷின் இன்னும் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது.

இந்த ஆடியில் அந்தச் செம்புள்ளிப் பெண் வந்தாள். வளர்ந்த பெண்ணாக, பிள்ளைகளைத் தானே நடத்திக்கொண்டு வந்தாள். இவர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் எதிரே படியில் நின்றேன். கேட்டைத் திறந்து அவள் தமிழில் கூப்பிட்டாள்.

"அப்பா!"

இவர் கீரையை உருவிக்கொண்டிருந்தார். மறுபடியும் கூப்பிட்டாள், இன்னும் உரக்க. பின்னால் நின்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்காமல் நின்றாலே போதும், எல்லாம் இன்றோடு முடிந்துவிடும் என்று தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் நிற்க நினைத்தேன். அப்போது அவள் தாடை நடுங்கியது, பதினாறு வயதில் நடுங்கியதே, அதே மாதிரி. என் உதடு தானாக அசைந்தது. பின்னால பாருங்க, அந்தப் புள்ள.

இவர் திரும்பினார். கையை விரித்தார். அவள் ஓடிவந்து காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் தமிழ் புத்தகத்தமிழ். சொல் சரியாக இருந்தது. ஆனால் உதடு வேறு நாட்டு உதடு. இவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்று முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அவள் ஆங்கிலத்தில் பேசியிருந்தால் நான் நடுவில் புகுந்து சொல்லியிருப்பேன். தமிழை எப்படித் தமிழில் சொல்வது? இவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பேசிக்கொண்டே போனாள். அப்பாவின் சாவுக்குப் போக முடியவில்லையாம். ஜெபித்தால் இப்போது ஒன்றும் தோன்றுவதில்லையாம். ராத்திரியில் இவர் காதை நினைத்துத்தான் தூங்குவாளாம்.

"நான் செய்தது சரிதானா, அப்பா?" என்று கேட்டாள்.

கேள்வி என்பது மட்டும் இவருக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக எல்லாரும் இவரிடம் கேட்டது ஒரே கேள்விதானே. சிரித்துக்கொண்டு அவள் தலையில் கை வைத்தார்.

"கேக்குதும்மா. நல்லா கேக்குது."

அவள் அசையாமல் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கீரைக் காம்புகளைப் பொறுக்கினேன். எனக்கு அழுகை வந்தது, அவள்மேல் கோபமும் வந்தது. எங்களுக்காவது காதோடு போயிற்று. அவளுக்கு?

போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர்களில் ஒரு சின்னப் பெண்ணின் கண்கள் அப்போதே நிறைந்திருந்தன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்றாகக் கேட்கிறதாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். இவர் அதைப் பார்த்து, தானும் தட்டினார்.