கடைப் பெயரைக் காலடிக்கு இறக்கிய சிவகாசிப் பயணம்

துரைக்குட்டி, உன் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு சிவகாசிக்குப் போய் வந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

துரைக்குட்டி என் தம்பி. மல்லாங்கிணறு எங்கள் ஊர். சிவகாசியில் ஒரு அச்சுக் கம்பெனிக்குக் காலண்டர் ஆர்டர் பிடித்துக் கொடுப்பது அவன் வேலை. சாமி படங்கள் ஒட்டிய ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவான். நாங்கள் கிறிஸ்தவர்கள். "வேதக்காரன் முருகனை விக்க வந்துட்டான்லே" என்று யாராவது கேலி பண்ணினால், "எனக்கு அவரு சம்பளம் குடுக்காரு, ஒங்களுக்கு என்ன குடுத்தாரு?" என்று கேட்பானாம். ஆவணியில் காய்ச்சல் கண்டு ஒரே வாரத்தில் போய்விட்டான். நான் புரட்டாசியில் கிளம்பினேன்.

போன காரணம் இதுதான். வருசம் முடிந்தாலும் சாமி படத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை. அடியில் இருக்கிற தேதிக் கட்டை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் சுவரில் வைத்துக்கொள்வார்கள். கடைப் பெயரும் அந்த அடிப்பக்கத்தில்தான் இருக்கும், சேர்ந்து வெட்டுப்பட்டுப் போகும். பெயரைப் படத்துக்குள்ளேயே, மேலே வானம் தெரிகிற இடத்தில் அச்சடித்தால் எத்தனை வருசமானாலும் சுவரில் நிற்கும் என்பது தம்பியின் யோசனை. அதைச் சொல்லப் போனவன், "மொதலாளி வேண்டாம்னுட்டாகக்கா" என்று வந்து படுத்தான். எழுந்திருக்கவில்லை. அந்த யோசனையை எப்படியாவது ஒத்துக்கொள்ள வைத்துவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டேன்.

காலை ஆறரைக்கு எங்கள் ஊரில் பஸ். விருதுநகர் ஒன்பது மைல், முப்பது நயா பைசா. பஸ் காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மூன்று இடம் மாறினேன்.

விருதுநகரில் சிவகாசி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. நிற்கப் பொறுக்காமல் பஜார் பக்கம் நடந்து, ஒரு பருப்புக் கடையில் ஏறி, தம்பி செய்து வைத்திருந்த மாதிரியைக் காட்டினேன். முருகன் படம். வானத்தில் கடைப் பெயர் எழுதிய துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. கடைக்காரர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது, சாமி தலைக்கு மேல கடைப் பேரா? இதக் கொண்டு போனா எம் பொண்டாட்டி வெளக்குமாத்த எடுப்பா."

"ஏன் அண்ணாச்சி, பளிச்சுனுதான தெரியுது?"

"தெரியும், தெரியும். சாமிய விட இவன் பெரியாளாயிட்டான்னு ஊருக்கே தெரியும். நீங்க வேதக்காரகளா?"

"ஆமா."

"அதான பாத்தேன். அத உரிச்சுக் காலடியில ஒட்டுங்க. சாமி காலடியில கெடக்கான்னு சொன்னா எனக்கும் பெருமைதான்."

எங்கள் வீட்டுச் சுவரில் படம் கிடையாது, பைபிள் வசனம்தான் தொங்கும். எழுத்து மேலே இருப்பது எங்கள் கண்ணுக்கு வித்தியாசமாகவே பட்டதில்லை. துண்டுத்தாளை உரிக்க விரலில் எச்சில் தொடப் போனேன். "ஏம்மா, ஏம்மா" என்று பதறி அவரே தண்ணீரும் பசையும் கொடுத்தார். முருகன் பாதத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டு ஓடிப்போய் பஸ் பிடித்தேன்.

விருதுநகரிலிருந்து சிவகாசி பதினேழு மைல், அறுபது நயா பைசா, ஒரு மணி நேரம். திருத்தங்கலில் தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் ஏறிக்கொண்டார்கள். இடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே போனேன், நிற்பதுதான் எனக்கும் தோதாக இருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து அச்சுக் கம்பெனி நடக்கிற தூரம்தான்.

முதலாளியிடம் படத்தை விரித்துப் பேச ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு, மிஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய தாள் ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். மை காயவில்லை. லட்சுமியின் பாதத்துக்குக் கீழே, படத்துக்குள்ளேயே ஒரு பாத்திரக் கடையின் பெயர்.

"தம்பி வானத்துல போடணும்னான். கூடாதுன்னு மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டேன். அன்னைக்கு அவன் ஊருக்குக் கெளம்பிப் போனப்பெறகுதான் தோணுச்சு, வானந்தான ஆகாது, காலடி ஆகும்ல? இந்த சீசன்ல அம்புட்டுப் பேரும் இதத்தான் கேக்காக. யோசனை அவனோடதும்மா, நான் இல்லைங்கல. மறுநாளே விருதுநகர் போனப்ப ஒங்க ஊர் பஸ் கண்டக்டர்ட்ட சேதி சொல்லிவிட்டேனே, வரலையா?"

"எனக்கு வரல மொதலாளி."

அவர் ஆல்பத்தை மூடி என் பக்கம் நகர்த்தினார். "ஆல்பம் ஒங்ககிட்டயே இருக்கட்டும். அவன் பாத்த ஊர நீங்களே பாருங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். காப்பி வரவழைத்தார், அது ஆறும்வரை இருக்க முடியாமல் கிளம்பிவிட்டேன். கண்டக்டரைப் பிடிக்க வேண்டும்.

விருதுநகரிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் பஸ் சாயங்காலம்தான். அதில் அவரே இருந்தார். டிக்கெட் வாங்கும் முன்பே கேட்டேன்.

"சொன்னேனேக்கா. ஒங்க வாசல்ல நின்னே சொன்னேன். 'ஏலே தொரை, ஒன் யோசனைய எடுத்துக்கிட்டாக, காலடியில போடுதாகளாம்'னு. ரோட்டுல பஸ்ஸு நிக்கி, உள்ள வர நேரமில்ல. உள்ளருந்து 'சரி'ன்னு கொரல் வந்துச்சு, நான் வந்துட்டேன்."

நான் அந்நேரம் தண்ணீருக்குப் போயிருந்திருப்பேன். வீட்டில் அவன் மட்டும்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க, யாரும் கேட்டாலும் கேட்காவிட்டாலும் 'சரி, சரி' என்றுதான் அவன் முனகிக்கொண்டு கிடந்தான்.

காலண்டர் விஷயமாகப் போகிறவர்கள் ஆடியிலேயே போய்விடுங்கள், ஐப்பசிக்கு மேல் மிஷின் சத்தத்தில் உங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். மாதிரியை முதலில் விருதுநகர் பஜாரில் நாலு பேரிடம் காட்டுங்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டு சிவகாசிக்கு ஏறுங்கள். முக்கியமான சேதியைப் பஸ்ஸில் சொல்லி அனுப்பினால், போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். அடுத்த வாரம் நான் அருப்புக்கோட்டைப் பக்கம் கடை ஏறப் போகிறேன்.

துரைக்குட்டி, அந்தச் 'சரி' கண்டக்டருக்குச் சொன்னதா, காய்ச்சலுக்குச் சொன்னதா?