சிடுமூஞ்சியின் மேல் ஒரு புகார்

நூலகங்கள் இலவசமாகப் பயன்படுத்தும் அந்த மென்பொருளை முதலில் எழுதியவருக்கு, அதைச் சேர்ந்து வளர்த்துவந்த குழுவில் சிடுமூஞ்சி என்று பெயர். யாராவது நிரலைச் சோதித்துப் பார்க்காமல் அனுப்பினால், "கண்ணை வீட்ல கழட்டி வச்சுட்டு வந்தியா?" என்று எழுதுவார். ஆள் சேரச் சேரத் திட்ட நேரம் போதவில்லை. தன் பழைய வசவுகளையே எடுத்துப் போடும் ஒரு தானியங்கி நிரலைத் தன் பெயரில் ஓடவிட்டார். திட்டுவதற்கும் ஆள் வைத்த மகராசன்!

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், தானியங்கி போகவில்லை. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், சின்னக் கணினி ஒன்றில் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் பச்சை விளக்கு படபடத்தால் எங்கோ யாரோ வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி, அதற்கு முதுகைக் காட்டியே சாப்பிடப் பழகியிருந்தாள்.

குழுவுக்கு நடத்தை விதிகள் வேண்டும் என்று பேச்சு வந்தது. யாரையும் இழிவாகப் பேசக் கூடாது. பேசினால் முதலில் எச்சரிக்கை, மீறினால் வெளியேற்றம். எல்லோரும் சரி என்றார்கள். புகார்களை விசாரிப்பது யார் என்றதும் ஆளாளுக்கு நழுவினார்கள். கடைசியில், மென்பொருளுக்கு விளக்கக் குறிப்புகள் மட்டும் எழுதிவந்த அவர் மனைவி தலையில் கட்டினார்கள். தானியங்கியின் நினைவு ஒருவருக்கும் வரவில்லை. அது அவ்வளவு பழகிப்போயிருந்தது.

மறுநாளே புகார் வந்தது. அனுப்பியவர் புதிதாகச் சேர்ந்த ஒரு நூலகர். ஆசையாக அனுப்பிய முதல் நிரலுக்கே அந்தக் கண் கேள்வி கிடைத்திருந்தது. கேட்டவர் உயிரோடு இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

குழுவில் இருந்த கொழுந்தன் போனில் கெஞ்சினான்.

"விட்டுடுங்க அண்ணி. அண்ணன் பேச்சுன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். செத்தவர் மேல போய்ப் புகாரா?"

"திட்டு வாங்கினவங்க உயிரோடதானேப்பா இருக்காங்க."

"அது நின்னுபோனா உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

அவள் போனை வைத்தாள். அந்தக் கண் கேள்வியை அவர் முதன்முதலில் கேட்டது அவளிடம்தான். கல்யாணமான புதிதில், இதே மேசையில், அவள் எழுதிக் காட்டிய முதல் நிரலுக்கு. சொன்னவர் அன்றைக்கே மறந்துவிட்டார். அவள் அதன்பிறகு நிரல் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

தானியங்கியை நிறுத்தினாள். விளக்கு அணைந்தது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை அவர் எதிர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றியது. நாற்காலியைப் பார்க்காமலேயே நூலகரைப் போனில் அழைத்தாள்.

"இனிமே அவர் யாரையும் திட்ட மாட்டாருங்க."

நூலகர் பதறிவிட்டார். "ஐயையோ, வெளியேத்திட்டீங்களா? முதல் தடவைன்னா எச்சரிக்கைதானேங்க? தான் பேசறது அடுத்தவங்களுக்கு வலிக்குதுன்னு பாவம், அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். யாராவது அவர்கிட்ட சொல்லிப் பாத்தீங்களா?"

அவள் எதிர் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லங்க," என்றாள். "நான் சொன்னதே இல்ல."