பேராயரின் ஆறாவது பிள்ளை

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்துபோய்த் தேநீர்க் கோப்பைகளைக் கழுவுகிறவன் நான். யாழ்ப்பாணத்தில் பதினேழு வருடம் கணிதம் படிப்பித்தவன், எண்ண முடியாத எதையும் நம்பியதில்லை. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் குறைவில்லை, ஏனென்றால் நான் எண்ணியதுதான் சரி என்று இன்று அச்சிலேயே வந்துவிட்டது.

சுவிஸில் ஆராவ் பழைய நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் தமிழ் ஆராதனை நடக்கும். கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு என்னிடம் இருக்கும். நாற்காலிகள் நாற்பத்தாறு, பாட்டுப் புத்தகங்கள் முப்பத்தொன்பது, அதிலும் இரண்டுக்கு அட்டை இல்லை. வடக்குச் சுவரில் ஒரு கற்பலகை பதித்திருக்கிறது. நானூற்றுச் சொச்ச வருடங்களுக்கு முன்னர், தன் நாட்டு அரசி மதத்தின் பெயரால் ஆட்களை எரிக்கத் தொடங்கியபோது, ஆங்கிலப் பாதிரியார் ஒருவர் குடும்பத்தோடு ஓடிவந்து இங்கே தஞ்சம் கேட்டிருக்கிறார். அரசி இறந்தபின் திரும்பிப்போய் அங்கிலிக்கன் பேராயராகி, நன்றியாக அனுப்பிவைத்த கல் அது. நடுவில் செபமேசை. ஒரு பக்கம் பேராயர், பின்னால் மூன்று ஆண்பிள்ளைகள். மறுபக்கம் மனைவி, பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள். எல்லாரும் மண்டியிட்டிருக்கிறார்கள், பாதங்கள் உடைக்கு வெளியே தெரிகின்றன. அதோடு கல் முடிந்து சுவரின் சாந்து தொடங்கிவிடும். தேவாலயக் கையேட்டிலும் பிள்ளைகள் ஐந்து என்றே இருந்தது.

போன ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, மூன்றரை மணி, நல்ல வெயில். நாற்காலிகளைப் போட்டு முடித்துவிட்டு வழக்கம்போல் கல்லில் உள்ளவர்களையும் எண்ணினேன். பெண்பிள்ளைகள் மூன்று. கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன், மூன்றுதான். கடைசிப் பிள்ளை மிகச் சிறியது, கையில் பந்துபோல ஏதோ வைத்திருந்தது, ஒரு காலில் சப்பாத்து, மற்றது வெறுங்கால். பெருவிரலால் அந்தப் பாதத்தைத் தொட்டேன். ஈரம். கையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்து நிமிர்ந்தால் இரண்டு பெண்பிள்ளைகளும் வெறும் சாந்தும்.

நான் பயப்படவில்லை. வருகையாளர் புத்தகத்தில் திகதியிட்டு, ‘பிள்ளைகள் ஆறு, கடைசிப் பெண், கையில் பந்து, ஒரு கால் வெறுங்கால்’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். என் பிழை என்னவென்றால், ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது அதை வாய்விட்டுச் சொன்னதுதான். ஒலிவாங்கி பார்க்கிற செல்வம் எல்லாரையும் கூட்டிக்கொண்டுபோய் எண்ணிக் காட்டினான்.

“அண்ணை, கணக்கு வாத்தியாருக்கே ஒண்டு கூடிப்போச்சுது. பேராயர் மனுசியையும் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வரப்போறார்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கதை காதில் விழுந்து, அந்தக் கிழமையே பாசல் நகரத்தில் இருந்து என் மகள் சுகந்தி வந்துவிட்டாள். மனைவி இறந்தபிறகு தனியே இருக்கிறேன், இப்போது இல்லாத பிள்ளைகளும் தெரிகிறார்கள் என்றால் அவள் என்ன செய்வாள்? வைத்தியரிடம் கூட்டிப்போனாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், நான் இரண்டுவரை இறங்கி, பூச்சியத்துக்குக் கீழேயும் போகவா என்று கேட்டேன். அப்படியும் முதியோர் இல்லத்து விண்ணப்பம் என் சமையலறை மேசைக்கு வந்தது.

“கோவிக்காதேங்கோ அப்பா. அஞ்செண்டு ஒருக்காச் சொல்லுங்கோ, நான் இதைக் கிழிச்சுப்போடுறன்.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வீடு எனக்கு. “ஆறு” என்றேன். அவள் தேவாலயத் திறப்பை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மாசி மாதத்தில் அந்த வடக்குச் சுவர் ஈரத்தில் உப்பத் தொடங்கி, பழைய சாந்தைச் சுரண்ட, கற்சிற்பங்களைச் செப்பனிடும் ஒரு பெண்ணை அழைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அங்குள்ள சுவிஸ் போதகர் தொலைபேசியில் அழைத்தார். வருகையாளர் புத்தகத்தில் எழுதியது நானா என்று மட்டும் கேட்டார், குரல் சரியில்லை. சுகந்தியையும் வரச்சொல்லிவிட்டுப் போனேன்.

கல் சாந்துக்கு அடியில் இன்னும் ஒரு சாண் நீண்டிருந்தது. அங்கே ஆறாவது பிள்ளை மண்டியிட்டிருந்தாள். அவள் கையில் இருந்தது பந்தல்ல, மண்டையோடு. பெற்றவருக்கு முன் இறந்த பிள்ளையை அந்தக் காலத்தில் அப்படித்தான் செதுக்குவார்களாம், இறந்தாலும் வரிசையில் இருந்து எடுக்கமாட்டார்களாம். வெறுங்காலுக்கு மட்டும் அந்தப் பெண்ணிடம் விளக்கம் இல்லை. இப்படி வேறெங்கும் கண்டதில்லை என்றாள். அந்தச் சாந்து இருநூறு வருடத்துக்குக் குறையாது என்றும் சொன்னாள். போதகர் புத்தகத்தைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். செய்தி கேட்டு வந்திருந்த செல்வம் கல்லின் முன் நின்று விரல்விட்டு எண்ணினான், இரண்டுதரம். வாழ்நாளில் அப்படி ஒரு நிமிர்வு எனக்கு வந்ததில்லை.

அப்போதுதான், நான் யாருக்கும் சொல்லாததைச் சுகந்திக்குச் சொன்னேன். அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று தெரியும், அவ்வளவுதான். போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்தை விட்டு, சுகந்தியைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கிளாலிக் கடல்நீரேரியில் படகேறியபோது மூத்தவளின் ஒரு செருப்பு தண்ணீரில் போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு கரையேறினாள், நாலாம் நாள் காய்ச்சலில் முடிந்துவிட்டாள். இங்கே தஞ்ச விண்ணப்பத்தில் பிள்ளைகள் இரண்டு என்று நிரப்பினேன். அதிகாரிகள் மற்றப் பிள்ளை எங்கே என்று கேட்டு, அதை வெட்டி ஒன்று என்று எழுதினார்கள். அவர்களில் பிழை இல்லை. ஆனால் அன்றிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் நானும் ஒன்று என்றே சொல்லிவந்தேன், எதையும் எண்ணாமல் விடாத நான்.

சுகந்தி கைப்பையைத் திறந்து திறப்பை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“இனி ஆரும் கேட்டா ரெண்டெண்டு சொல்லுங்கோ அப்பா. நானும் அப்பிடித்தான் சொல்லுவன்.”

விண்ணப்பம் கிழிந்தது. கையேட்டைத் திருத்தி அச்சிட்டார்கள், நாலாம் பக்கம், பிள்ளைகள் ஆறு. என்னிடம் பன்னிரண்டு பிரதிகள் இருக்கின்றன.

சுவரும் இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது. கல்லில் எட்டுப் பேர், பதினாறு பாதங்கள். ஒவ்வொரு ஞாயிறும் தொட்டுப் பார்க்கிறேன், பதினைந்து உலர்ந்திருக்கின்றன. அந்த வெறுங்கால் மட்டும் ஈரம். பழைய சுவர் அப்படித்தான் வியர்க்கும் என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் செல்வம் தொட்டால் அவன் விரல் காய்ந்தபடியே வருகிறது. போன கிழமை யாரும் பார்க்காத நேரத்தில் என் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கிளாலித் தண்ணீரின் அதே உப்பு.